விருந்தாளியின் உரிமையும் வீட்டாரின் கடமையும்



 



வீட்டின் ஓரிரு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுத்து, காலை உணவும் வழங்கி வருமானம் தேடும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. இத்தாலியில் அது மிகப் பரவலானது. யாழ்ப்பாணத்திலும் 2009இல் யுத்தம் முடிந்து ஏ9 பாதை மீண்டும் திறந்த பின்னர், 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ் நகர் வரை ஓடத் தொடங்கிய பின்னர், இத்தகைய விடுதிகள் பெருகின. கோட்டையையும் நயினாதீவையும் கசூரினா கடற்கரையையும் காணக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருகின்றன. "வாடகை வாங்கிய பின் உபசாரம் எதற்கு?" எனக் கேட்போரும் நம்மில் உளர். அதற்கு மார்க்கம் என்ன பதில் தருகிறது என்று பார்ப்போம்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் முன்பின் அறியாத சிலர் வந்தனர். யார், எவர் என்று அவர்கள் விசாரித்துக் கொண்டிருக்கவில்லை. ஸலாத்துக்குப் பதில் கூறினார்கள்; ஓசையின்றி வீட்டாரிடம் சென்றார்கள்; பொரித்த கன்றின் இறைச்சியைக் கொண்டு வந்து அவர்களின் அருகிலேயே வைத்தார்கள். "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் வந்தவர் கூச்சத்தால் வேண்டாம் என்பார். அந்தச் சங்கடத்தைக்கூட விருந்தாளிக்குக் கொடுக்கவில்லை. விருந்தின் உயிர் வந்தவரின் மானத்தைக் காப்பதில் இருக்கிறது என்பதைக் குர்ஆன் கூறும் இச்சம்பவம் நமக்குக் கற்பிக்கிறது.

வாடகை அறைக்குரிய கூலி. அதை முற்கூட்டியே தெளிவாகச் சொல்லி வாங்குவது ஹலாலான வியாபாரம். ஆயினும் முகமலர்ச்சிக்கு விலைப்பட்டியல் இல்லை. இரவில் களைத்து வரும் குழந்தைக்குச் சுடுநீர் வைப்பது, தொழுபவருக்குக் கிப்லாவைக் காட்டுவது, இந்துச் சகோதரர் வந்தால் எந்தக் கறியில் என்ன இருக்கிறது என்று மறைக்காமல் கூறுவது, குடும்பப் பெண்களின் தனிமையைப் பேணுவது ஆகியவை யாவும் அமானிதம்.

நேயர்களே! விருந்தோம்பலின் பெறுமதி வட புல முஸ்லிம்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததன்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் வெளியேற இரண்டு மணி நேர அவகாசமே கொடுத்தனர். சோனகத் தெருவின் வீடுகள் ஒரே நாளில் வெறிச்சோடின. மன்னார்த் தீவு முஸ்லிம்கள் படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தம் வீடுகளையும் திறந்து விட்டனர். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன.

விருந்து மூன்று நாட்கள். அதற்கு மேல் கொடுப்பது ஸதகா. வீட்டாரைச் சிரமப்படுத்தும் வரை விருந்தாளி தங்கலாகாது என்பது நபியவர்களின் போதனை. அங்கோ நாட்கள் ஆண்டுகளாயின. கிணற்று நீரிலும் காணியிலும் கூலி வேலையிலும் நெருக்கடி வந்தது. இரு சாராருக்கும் மனத்தாங்கல் உண்டானது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விரட்டப்பட்டவர் விரும்பித் தங்கியவர் அல்லர். ஆகவே பழி அவர்கள் மீது சேராது. மூன்று நாட்களுக்குப் பின்னும் நீண்ட அந்த உதவி முழுவதும் புத்தளத்தாரின் ஸதகாவாக அல்லாஹ்விடம் பதிவாகும் என்று ஆதரவு வைப்போம்.

மதீனாவில் ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை முஹாஜிரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவரோ பரகத்துக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். கொடுப்பவர் கணக்குப் பாராமல் கொடுத்தார். பெறுபவர் பாரமாகாமல் உழைத்தார். விருந்தின் இரண்டு பக்கங்களும் இச்சம்பவத்தில் உள்ளன.

எனவே, பயணம் செல்லும் இளைஞர்களே! காசு கொடுத்தோம் என்ற எண்ணத்தில் பிறர் வீட்டில் நடந்து கொள்ளாதீர்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் கீழ் தேங்கும் மழைநீரையே கிணறுகள் தருகின்றன. வுழூச் செய்யும்போதும் வீண்விரயம் செய்யாதே என்ற மார்க்கம், விடுதிக் குழாயைத் திறந்து விட அனுமதிக்குமா? இரவில் சத்தத்தைத் தாழ்த்துங்கள். அறையைக் கண்டபடி விட்டு வராதீர்கள். பிட்டும் சம்பலும் தந்த தாய்க்கு நன்றி கூறி விடைபெறுங்கள்.

பெற்றோர்களே! 1990இல் சோனகத் தெருக் குடும்பங்களின் பிரிவைக் கண்டு கண் கலங்கிய தமிழ் அயலவர்களும் இருந்தனர் என்று பெரியோர் சொல்வதைப் பிள்ளைகளுக்குக் கூறுங்கள். மீளத் திரும்பிய குடும்பங்கள் சில. இன்றும் புத்தளத்தில் வாழ்வோர் பலர். அன்று பிறர் கதவு திறந்ததால் பிழைத்த சமுதாயம் நாம். நம் வாசலில் நிற்பவர் தமிழராயினும் சிங்களவராயினும் வெளிநாட்டவராயினும், அவர் மனம் குளிரத் திரும்பட்டும். முறிந்த நம்பிக்கை பேச்சுவார்த்தை மேசையில் மட்டும் ஒட்டுவதில்லை. சாப்பாட்டுப் பாயிலும் ஒட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை விருந்தாளிக்கு நிழலாகவும், எங்களை விருந்திட்டவருக்குப் பாரமாகாதவர்களாகவும் ஆக்குவாயாக. அன்று அடைக்கலம் தந்தவர்களின் வாழ்வில் பரகத் செய்வாயாக. ஆமீன்.