வயலுக்கு மேலே ஓடும் படகு

ஆலப்புழைக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஹவுஸ்போட் பிறகு இருக்கட்டும். முதலில் அரசுப் பயணிகள் படகில் ஏறிவிடுங்கள். கோட்டயம் போகும் படகு சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும், கட்டணம் மிகக் குறைவு. அக்கரையில் வீடு இருக்கிறவர்களுக்கு அது பஸ் மாதிரி. ஒவ்வொரு துறையிலும் நின்று நின்றுதான் போகும்.

குட்டநாட்டுக் கால்வாய்க்குள் நுழைந்ததும் கரைக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். நெல்வயல் உங்கள் காலுக்குக் கீழே கிடக்கும். தண்ணீர் மேலே, நிலம் கீழே! கடல் மட்டத்துக்குச் சுமார் இரண்டு மீட்டர் வரை தாழ்ந்த வயல்கள் அங்கே உண்டு. வேம்பநாட்டுக் காயலில் சேற்றால் வரப்பு எழுப்பி, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்து மீட்ட நிலம் அது. ஒருமுறை இறைத்தால் போதாது. மழை ஓய்ந்ததும், விதைப்புக்கு முன்னால், ஆண்டுதோறும் இறைக்க வேண்டும். அந்தக் காலத்தில் காலால் மிதிக்கும் சக்கரம். பின்னர் 'பெட்டியும் பறையும்' என்று அவர்கள் சொல்லும் பம்பு வந்தது. 2013இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த வேளாண்மையை உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக ஏற்றது.

விளைந்த நெல்லைச் சுமந்தவை கெட்டுவள்ளங்கள். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தவை. லாரிகள் வந்ததும் அவற்றுக்கு வேலை போயிற்று. 1990களில் கூரையும் கட்டிலும் ஏற, ஹவுஸ்போட் ஆயின.

இனி விவசாயிக்கும் மீன்பிடிக்கிறவருக்கும் இடையிலான சண்டைக்கு வருவோம். கோடையில் பம்பை, மீனச்சில் போன்ற ஆறுகள் மெலிந்ததும் கடலின் உப்பு காயலுக்குள் ஏறும், பயிர் கருகும். அதைத் தடுக்கத்தான் 1976இல் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. டிசம்பர் நடுவில் ஷட்டர்களை இறக்கி, மார்ச் நடுவில் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நெல் பிழைத்தது. ஆனால் கடலிலிருந்து இறாலும் மீனும் ஏறி வரும் வழி அடைபட்டது. உப்பு பட்டால் சாகும் ஆகாயத்தாமரை, இப்போது கால்வாயை மூடிப் படகையே மறிக்கிறது. அறுவடை முடியும்வரை திறக்காதே என்பார் விவசாயி. இன்னும் ஏன் மூடி வைத்திருக்கிறாய் என்பார் மீன்பிடிக்கிறவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

மார்ச் மாதத்தில் போனால், "சேட்டா, ஷட்டர் எப்போது திறப்பார்கள்?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இறங்கும் துறை வந்தாலும் அவர் பேச்சு முடிந்திருக்காது.