ஈரக் கழிவிலிருந்து எரிகரி



தார் வெட்டிய பின் தோட்டத்தில் நிற்கும் வாழைமரத்தை என்ன செய்வது என்பது வாழை பயிரிடும் அனைவருக்கும் உள்ள தொல்லை. இத்தகைய ஈரக் கழிவை உலர்த்தாமலே கரியாக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு நீர்வெப்பக் கரியாக்கம் என்று பெயர். அது நமக்கு எந்த அளவு உதவும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 100 கிலோ பச்சை வாழைத்தண்டில் சுமார் 90 கிலோ தண்ணீர்தான். உலர்ந்த பொருள் 10 கிலோ. அந்த 90 கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க ஏறத்தாழ 55,000 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மீதமுள்ள 10 கிலோவை எரித்தால் கிடைப்பதோ, தாராளமாகக் கணக்கிட்டாலும், 40,000 கிலோ கலோரிதான். வரவைவிடச் செலவு அதிகம்.

வெயிலில் காயவைக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடலைத் தொலி, பருத்தி மார், துவரை மார் ஆகியவற்றுக்கு வெயிலே போதும். இந்த முறை வேண்டியதில்லை. வாழைத்தண்டும் ஆகாயத்தாமரையும் அப்படியல்ல. குவித்து வைத்தால் காய்வதற்கு முன் அழுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சொல்லவே வேண்டாம்.

ஜெர்மானிய விஞ்ஞானி பெர்ஜியஸ், மண்ணுக்கடியில் நிலக்கரி உருவாவதைச் சோதனைச் சாலையில் செய்துகாட்ட முயன்று, 1913-ஆம் ஆண்டில் இம்முறையை விவரித்தார். உயர் அழுத்த வேதியியல் ஆய்வுகளுக்காக 1931-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு பழைய முறையாயினும், இந்த நூற்றாண்டில்தான் கழிவுகளுக்காக இதை மீண்டும் கையில் எடுத்தனர்.

செய்முறை இதுதான். நறுக்கிய கழிவைத் தண்ணீருடன் கெட்டியான எஃகுக் கலனில் மூடி, 180 முதல் 250 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றிச் சில மணி நேரம் வைக்கின்றனர். அழுத்தம் இருப்பதால் தண்ணீர் ஆவியாகிப் போவதில்லை. நாரும் மாவுப்பொருளும் சிதைந்து, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைப் போன்ற பொருளாகின்றன. பச்சைத் தண்டு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும்; இக்கரியோ பிழிந்தாலே பெரும்பகுதித் தண்ணீரை விட்டுவிடும். இம்முறையின் முக்கிய நன்மை இதுவே.

நமது 100 கிலோ தண்டை 200 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 16,000 கிலோ கலோரி ஆகும். கிடைக்கும் கரி ஐந்தாறு கிலோ. அதன் வெப்பம் 25,000 முதல் 30,000 கிலோ கலோரி வரை இருக்கலாம். ஒரு கொதிப்பில் செலவான வெப்பத்தை அடுத்த கொதிப்புக்குத் திருப்பிப் பயன்படுத்தினால்தான் ஆதாயம் நிற்கும். ஆகவே இது ஆலைக்கு உரிய வேலை. வீட்டு அடுப்பில் செய்வதன்று.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 200 டிகிரியில் கலனுக்குள் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கு அழுத்தம் இருக்கும். வீட்டுக் குக்கரில் இருப்பது சுமார் இரண்டு மடங்குதான். எண்ணெய் டிரம்மை வெல்டிங் செய்து மூடி இதைச் சோதித்துப் பார்க்க எவரும் முனைய வேண்டாம். அது வெடிகுண்டுக்குச் சமம்.

கரியைப் பிரித்த பின் மிஞ்சும் பழுப்பு நீரில் அமிலங்களும் பீனால் வகைப் பொருள்களும் உண்டு. அதை அப்படியே வயலில் பாய்ச்சினால் விதை முளைப்பு பாதிக்கப்படலாம். வாய்க்காலில் விட்டால் தண்ணீர் கெடும். அளவாகச் சாண எரிவாயுக் கலனில் சேர்ப்பது ஒரு வழி.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. வாழைத்தண்டில் சாம்பல் சத்து மிகுதி. கரியாக்கும்போது அதில் பெரும்பகுதி நீரில் கரைந்துவிடுகிறது. அடுப்பில் கிட்டம் பிடிப்பது குறையும் என்பதால் எரிப்பவருக்கு அது நல்லது. ஆனால் அந்தச் சத்து உங்கள் நிலத்திலிருந்து போனது. மறு பயிருக்குப் பொட்டாஷ் உரமாக நீங்கள்தான் வாங்கிப் போட வேண்டும். எனவே நோயற்ற தண்டை நறுக்கித் தோட்டத்திலேயே மக்கவிடுவதுதான் சிறு விவசாயிக்கு மலிவான வழி என்பது என் கருத்து. சாணம் உள்ள வீட்டில் அதற்கு எரிவாயுக் கலனே போதும்.

ஊர் ஏரி முழுவதும் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, பக்கத்திலேயே விறகு எரிக்கும் ஆலையும் இருக்கிறது என்றால் நிலைமை வேறு. அங்கே கூட்டுறவாகச் சேர்ந்து யோசிக்கலாம். ஆலை அமைக்க வருபவரிடம், பழுப்பு நீரை எங்கே விடுவீர்கள், கலனைச் சோதித்த பொறியாளர் யார், வாழைத்தண்டும் வாங்குவதானால் அதன் விலையில் சாம்பல் சத்துக்கு எவ்வளவு சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.