முதலில் யாருக்குச் சொல்வது?

கல்யாண வீட்டில் கோபித்துக்கொள்கிறவர்கள் எதற்காகக் கோபித்துக்கொள்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். சாம்பாரில் உப்புக் குறைந்தது என்று யாரும் உறவை முறித்துக்கொண்டதில்லை. ரூம் கிடைக்கவில்லை, வேன் நேரத்துக்கு வரவில்லை என்றால் நாலு வார்த்தை சத்தம் போடுவார்கள், அதோடு சரி. ஆனால், "நிச்சயம் ஆனதே எனக்கு மூணாம் மனுஷன் சொல்லித்தான் தெரிஞ்சுது" என்று ஒரு பெரியப்பா ஆரம்பித்துவிட்டால் அது அவரோடு முடியாது. அவர் பிள்ளைகள் காலம்வரைக்கும் ஓடும்.

இன்றைக்குப் பல வீடுகளில் இரண்டு நல்ல சேதிகள் ஒன்றாக வருகின்றன. பெண்ணுக்கு இடம் முடிவாகிறது. அதே மாதம் அவளுக்குப் புது வேலையும் கிடைக்கிறது. அல்லது மாப்பிள்ளைக்கு. படித்து, வேலைக்குப் போய், இருபத்தைந்து வயதைத் தாண்டிக் கல்யாணம் பேசும் காலம் இது. இரண்டும் ஒன்றாக வருவதில் அதிசயம் இல்லை. சந்தோஷம் இரட்டிப்பு, சரி. ஆனால் எதை, யாருக்கு, எந்த வரிசையில் சொல்வது என்பதில்தான் சிக்கலும் இரட்டிப்பாகிறது.

முன்பெல்லாம் இந்த வரிசை தானாகவே அமைந்திருந்தது. நம் நாட்டில் தபால் அட்டை 1879-இல் வந்தது. அதன்பின் நூறு வருடத்துக்கும் மேலாகக் குடும்பச் சேதி என்றால் பெரும்பாலும் கடிதம்தான். நல்ல சேதி சுமந்து வரும் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். பிரிக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் முகம் மலர்ந்துவிடும். துக்கச் சேதி என்றால் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடிதம் போய்ச் சேர நாளாகும் என்பதால், நெருங்கிய சொந்தத்துக்கு ஆள்தான் போகும். அப்பாவே பஸ் ஏறிப் போய்த் தாய்மாமனிடம் நேரில் சொல்வார். தூரத்து உறவுக்குக் கடிதம். அதற்கும் அப்பால் இருப்பவர்களுக்கு அச்சடித்த பத்திரிகை. யார் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சேதி வந்த வழியே சொல்லிவிடும்.

தந்தி என்றால் பயம். தந்திக்காரர் சைக்கிள் வாசலில் நின்றால் பிரித்துப் படிப்பதற்குள் ஒரு பாட்டி அழ ஆரம்பித்திருப்பார். அந்தத் தந்தி நல்ல முகத்தோடு வந்தது பெரும்பாலும் கல்யாணத்துக்குத்தான். வாழ்த்து வாசகங்களுக்குத் தந்தி ஆபீசில் எண்கள் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும், வாசகம் போய்ச் சேர்ந்துவிடும். மண்டபத்தில் யாராவது ஓர் ஆசிரியர் மைக்கைப் பிடித்து அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். 2013 ஜூலையோடு நாட்டில் தந்திச் சேவையே முடிந்துபோனது.

இப்போது வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு குடும்பத்திலும் சினிமாப் பெயர் வைத்த ஒரு குழு கட்டாயம் இருக்கும். காலை வணக்கம், ரோஜாப் பூ, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு, இவற்றுக்கு நடுவே திடீரென்று நிச்சயதார்த்தப் படம். பெண்ணைத் தூக்கி வளர்த்த அத்தையும், பெயர்கூட நினைவில் இல்லாத ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மருமகனும் அதே நிமிடத்தில் அதே படத்தைப் பார்க்கிறார்கள். இதில் யாரும் யாரையும் அவமதிக்க நினைக்கவில்லை. ஆனால் அத்தைக்கு வலிக்கிறது. வலிப்பது நியாயம்தான் என்பது என் கட்சி. வேன் எத்தனை மணிக்குக் கிளம்பும், மண்டபத்துக்கு எந்தத் திருப்பத்தில் இறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் அந்தக் குழுவைப் போல உதவி வேறு இல்லை. முதல் சேதி சொல்ல மட்டும் அது லாயக்கில்லை. ஒரு போன் போடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

யாருக்கெல்லாம் போன் போடுவது, யாருக்கெல்லாம் நேரில் போவது? பழைய வீடுகளில் இதற்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. பரண்மேல் துணியில் சுற்றி வைத்திருக்கும் மொய் நோட்டு. மேலே பிள்ளையார் சுழி. கீழே வரிசையாகப் பெயர், ஊர், ரூபாய். பெரும்பாலும் தாய்மாமன் பெயரில்தான் தொடங்கும். சிலர் பெயருக்கு எதிரே ரூபாய் இருக்காது. குத்துவிளக்கு என்றோ, எவர்சில்வர் குடம் என்றோ எழுதியிருக்கும். பத்திரிகைக்குப் பெயர் எழுத உட்காரும்போது இந்த நோட்டைத்தான் முதலில் இறக்குவார்கள். பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. "அவர் இல்லாட்டி என்ன, மகன் இருக்கானே, அவனுக்கு வைக்கணும்" என்று அம்மா சொல்வார். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாகப் போட்டு, கறிச்சோறு பரிமாறி, இந்தக் கணக்கை வட்டியில்லாக் கடன்போல நடத்துகிறார்கள். மற்ற ஊர்களில் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் மொய் நோட்டு பணக் கணக்கு மட்டும் இல்லை. நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நின்றார்கள் என்ற பதிவு அது.

பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு, பிறகு பங்காளிகளுக்கு. சில வீடுகளில் இந்த வரிசை சற்று மாறும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே பத்திரிகை. தம்பதியாக நின்று கொடுத்து, "குடும்பத்தோட முன்னாடியே வந்து நடத்திக் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுக்கும் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் வர வேண்டும். காப்பி வேண்டாம் என்று எழுந்தால் அதற்கு ஒரு மனத்தாங்கல்.

அந்தப் பத்திரிகையில்தான் வேலைச் சேதியும் வந்து சேர்கிறது. மணமகன் பெயருக்குக் கீழே படிப்பு, அதற்குக் கீழே கம்பெனி பெயர், ஊர். மணமகளுக்குப் பல வீடுகளில் படிப்போடு நிறுத்திவிடுகிறார்கள். அவளும் அதே அளவு சம்பாதிக்கிறாள், சில சமயம் கூடுதலாகவே. அவள் வேலையையும் ஒரு வரி போடுங்கள், மை ஒன்றும் குறைந்துவிடாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்திரிகை அச்சடித்தது ஒரு கம்பெனியில் இருக்கும்போது; முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை வேறு கம்பெனி. பந்தியில் பேச்சு இதுதான்: "பத்திரிகையில வேற போட்டிருந்துதே, அந்த வேலை போயிடுச்சா?" நல்ல வேலைக்கு மாறியவரைப் பற்றி வேலை போனவர் என்று நாலு ஊருக்குச் சேதி பரவிவிடும். வேலை மாறும் நிலையில் இருந்தால் படிப்பை மட்டும் போட்டு, கம்பெனி பெயரை விட்டுவிடுவது உத்தமம்.

வேலை மாற்றத்தை முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்? நிச்சயம் முடிந்துவிட்டது என்றால், கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு. அப்பா அம்மாவுக்கும் முன்பாகவா என்று கேட்பீர்கள். ஆமாம். ஊர் மாறுகிறதா, ராத்திரி ஷிப்டா, வருடத்தில் பாதி நாள் வெளிநாடா என்பதெல்லாம் அவர்கள் இருவரின் குடித்தனத்தைப் பற்றியது. இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அவரவர் வீட்டில் அவரவர் சொல்லட்டும். சம்பந்தி வீட்டாருக்குத் தரகர் மூலமாகவோ, பொதுவான நண்பர் மூலமாகவோ தெரியவருவதுதான் மோசம். "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகுமா?" என்ற கேள்வி இன்னும் கூடத்தில் உட்கார்ந்துதான் கேட்கப்படுகிறது. பெண்ணைப் பெற்றவர், "அதெல்லாம் நீங்க சொல்றபடி" என்று தலையாட்டிவிடுகிறார். அது அவர் சொல்ல வேண்டிய பதில் இல்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் வாயால் சொல்லச் செய்யுங்கள். ஐந்து நிமிடச் சங்கடம், ஐந்து வருடச் சண்டையைத் தவிர்க்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடியது என்ற சேதி வந்ததும் சில வீடுகளில் நகைப் பேச்சும் கூடுகிறது. போன மாதம் பேசியது இந்த மாதம் போதவில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலிருந்து இருக்கிறது. வாங்குவதும் கொடுப்பதும் குற்றம், கேட்பதே குற்றம். அப்படிப் பேச்சு மாறுகிற இடத்தில், மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை என்று எழுந்து வந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் செய்தது சரி.

வேலை போய்விட்டதை மறைத்துக் கல்யாணம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கல்யாணம் முடியட்டும், அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைப்பு. கிடைத்தாலும், மறைத்தது மறைத்ததுதான். வேலை போவது யாருக்கும் நடக்கும். உள்ளபடி சொன்னால் கல்யாணத்தை நாலு மாதம் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

தேதிக்கு வருவோம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். மிச்ச மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக வேண்டும் என்றால், தேதியை ஜோசியர் குறிப்பதில்லை, மண்டபத்து மேனேஜர்தான் குறிக்கிறார். இதற்குமேல் ஆபீஸ் ஒன்று இருக்கிறது. பெரிய கம்பெனிகள் பலவற்றில் வேலையை விட மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். புது இடத்தில் சேர்ந்த முதல் சில மாதங்களுக்கு லீவு கிடைப்பதே கஷ்டம். சேர்ந்த மூன்றாவது வாரம் போய், "எனக்குக் கல்யாணம், பதினைந்து நாள் லீவு வேண்டும்" என்று நின்றால் மேலதிகாரிக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் தர்மசங்கடம். வேலைக்கான கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டதை ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் சரி என்று சொன்ன அதிகாரி அதற்குள் வேறு பிரிவுக்கு மாறிப் போயிருப்பார்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வேலை மாறும்போது, "பி.எஃப். பணத்தை எடுத்துக் கல்யாணச் செலவுக்குப் போட்டுவிடேன்" என்று யாராவது ஒரு மாமா யோசனை சொல்வார். கேட்காதீர்கள். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் அந்தப் பணத்தை எடுத்தால் வரி உண்டு. பென்ஷன் வேண்டும் என்றால் பத்து வருடச் சேவை வேண்டும். பழைய கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் பழைய வருடங்களும் கூடவே வரும். அதேபோல, நடு வருடத்தில் வேலை மாறினால், முந்தைய இடத்தில் வாங்கிய சம்பளக் கணக்கைப் புது இடத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாகக் கழிவு கொடுத்து வரியைக் குறைவாகப் பிடித்திருக்கும்; ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது புது மணமக்கள் தலையில் மொத்தமாக விழும். கல்யாணத்துக்கு மணமக்களுக்கு வருகிற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. ஆனால் அந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டும்தான், அப்பா அம்மா கணக்கில் விழுந்த பணத்துக்கு இல்லை. அதனால் மொய் எழுதும் இடத்தில் ஒட்டிவைக்கும் க்யூஆர் அட்டை யாருடைய கணக்கு என்று பார்த்து ஒட்டுங்கள்.

ஊரெல்லாம் சொல்லிவிட்டோம், ஒருவரை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவர் சார்பதிவாளர். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி, எந்த மதத்தவரானாலும், எந்த முறையில் நடந்தாலும், கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருகிறார்கள். வெளிநாட்டு வேலைக்குத் துணையை அழைத்துப்போக விசா வாங்க, இந்தச் சான்றிதழ்தான் கேட்பார்கள். பதிவுக்குக் கல்யாணப் பத்திரிகையும் வேண்டும். கட்டுக்கட்டாக அடித்து, எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லாமல், தெரிந்தவர் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் தேடுகிற குடும்பங்கள் நிறைய. ஆகவே நேயர்களே, அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்ததும் நாலைந்தைத் தனியே எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள்.