பெரட்டும் ‘பாஸ் மஸ்ட’ரும்

(பரிசளிப்பு விழா உரை)



‘பாஸ் மஸ்டர்’ என்ற ஆங்கிலத் தொடர் பட்டாளத்தில் பிறந்தது. 400 ஆண்டுகளுக்கு மேலாக வழங்குகிறது. சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி, தலையை எண்ணி, ஆயுதத்தைச் சோதிப்பதே மஸ்டர். குறையில்லாமல் தேறினால் ‘பாஸ்’.

தோட்டத்துப் பெற்றோருக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியுமுன் கிராணி பேர் கூப்பிட, வரிசையில் நின்றீர்களே, அந்தப் பெரட்டுதான் மஸ்டர்! ‘பெரட்டு’ என்பதும் ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபே.

பிள்ளைகளே, எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். ‘மஸ்ட’ருக்கு முன் ‘எ’, ‘தி’ சேர்க்கக் கூடாது. ‘திஸ் எஸ்ஸே வில் நாட் பாஸ் மஸ்டர்’ என்றால், இந்தக் கட்டுரை தேறாது என்று பொருள். அடுத்து, இது வெறும் தேர்ச்சியை மட்டுமே சொல்லும். முதற்பரிசு வாங்கியவனைப் பார்த்து ‘ஹி பாஸ்ட் மஸ்டர்’ என்றால் பாராட்டு ஆகாது. ‘ஏதோ ஒப்பேத்திட்டான்’ என்றாகிவிடும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம், தாத்தா பாட்டியிடம் பெரட்டைப் பற்றிக் கேளுங்கள். பிந்திப் போனால் அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை என்று திரும்பியவர்களும் உண்டு. இங்கிலீஷ் தெரியாதவர்கள் என்று அவர்களை எண்ணிவிடாதீர்கள். இந்தச் சொல்லின் பொருளை உங்களுக்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள்.