போகிற தலைவரை எந்தத் தராசில் நிறுப்பது?

(எமது சங்கத்தின் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டின் தலைவர் பதவியை விட்டுப் போகும்போது அவரை எப்படி மதிப்பிடுவது என்று பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் பேராசிரியர் அல்ல. நாற்பது வருசமாக இந்த ஜேர்மனியில் வேலை செய்து, வரி கட்டி, பேப்பர் வாசித்து வருகிற ஒருவன். ஆகவே நாமெல்லாரும் அறிந்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். அங்கேலா மேர்க்கெல். 2005 நவம்பர் 22 முதல் 2021 டிசம்பர் 8 வரை பதினாறு வருசம் இந்த நாட்டின் சான்சலராக இருந்தவர். எங்கட பிள்ளையளில் கனபேர் வேறு ஒரு சான்சலரைக் காணாமலே பள்ளிக்கூடம் படித்து முடித்தார்கள்.

அவர் விடைபெற்ற கிழமை நான் தமிழ்க் கடையில் சாமான் வாங்க நின்றேன். காசு கட்டுற இடத்தில் ஒரு அம்மா சொன்னா: "அந்த மனுசி ஒரு தாய் மாதிரி. அவ்வளவு அகதியளையும் உள்ளுக்கு எடுத்தவ." பின்னால் நின்ற ஒரு தம்பி உடனே சொன்னார்: "அன்ரி, இந்த வருசம் எங்கட ஆக்களைப் பிளேனில ஏத்திக் கொழும்புக்கு அனுப்பினதும் அவவின்ர அரசாங்கம்தானே?" அந்த அம்மாவுக்கு மறுமொழி இல்லை. எனக்கும் இல்லை. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாத மறுமொழியைத்தான் இன்றைக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1985ஆம் ஆண்டளவில் எங்களில் கனபேர் கிழக்கு பேர்லினை ஒட்டியுள்ள ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில்தான் வந்து இறங்கினோம். அங்கிருந்து ரெயின் ஏறி, பிரீட்ரிக் ஸ்ட்ராசவில் இறங்கி, மேற்குப் பக்கம் போனோம். அந்த ரெயின் பாதையில் அட்லர்ஸ்ஹோவ் என்று ஒரு ஸ்ரேசன். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் உள்ள விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்தான் இந்த மேர்க்கெல். பாஷை தெரியாத நாங்கள் அவர் வேலை செய்த இடத்தைக் கடந்து மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டோம். அந்த நாட்டிலேயே வளர்ந்த அவரால் நினைத்தபடி போக முடியவில்லை. 1989 நவம்பரில்தான் மதில் திறந்தது. ஆகவே அடைத்த எல்லை என்றால் என்ன என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விசயமல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தலைவரை நிறுக்க மூன்று கேள்வி போதும் என்பது எனது எண்ணம். நெருக்கடி வந்த நேரத்தில் என்ன செய்தார்? அந்த நேரம் போன பிறகு என்ன செய்தார்? அவர் போன பின் வந்த கணக்கை யார் கட்டினார்கள்?

முதலாவது கேள்வி. 2015 செப்டெம்பர் 4ஆம் திகதி. புடாபெஸ்ட் ரெயின் நிலையத்தில் நாட்கணக்காகக் கிடந்த சிரிய, ஆப்கான், ஈராக் சனம் பிள்ளைகுட்டிகளோடு பெருந்தெருவில் ஒஸ்ரியாவை நோக்கி நடக்கத் தொடங்கியது. அன்றிரவு ஒஸ்ரிய சான்சலரும் மேர்க்கெலும் பேசி எல்லையைத் திறந்து வைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, ஓகஸ்ட் 31ஆம் திகதி, "எங்களால் இது முடியும்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருசத்தில் மட்டும் ஏறக்குறைய 8 லட்சத்து 90 ஆயிரம் பேர் தஞ்சம் தேடி இந்த நாட்டுக்கு வந்தார்கள். மியூனிச் ரெயின் நிலையத்தில் ஜேர்மன் சனம் கைதட்டி வரவேற்றதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கட வீடுகளிலிருந்தும் உடுப்பும் போர்வையும் போனது. வந்த சனத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பிறகு வேலைக்குப் போய் வரி கட்டினார்கள். இந்தக் கேள்விக்கு நான் அவருக்கு நல்ல புள்ளிதான் போடுவேன். தெருவில் நடந்து வந்த பிள்ளைகளைத் துவக்கைக் காட்டி மறிக்கவில்லை.

இரண்டாவது கேள்வி. ஆறு மாதம் கழித்து, 2016 மார்ச் 18ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு ஒப்பந்தம் செய்தது. துருக்கியிலிருந்து கடல் கடந்து கிரேக்கத் தீவுகளுக்கு வருகிறவர்களைத் திருப்பி எடுக்க வேண்டும். அங்குள்ள அகதிகளுக்காக 600 கோடி யூரோ வரை கிடைக்கும். முன்னின்று அதைச் செய்வித்தவர் மேர்க்கெல். அதே மாதம், முழு அகதி அந்தஸ்து கிடைக்காமல் இரண்டாம் தரப் பாதுகாப்பு மட்டும் கிடைத்தவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவது இரண்டு வருசத்துக்கு நிறுத்தப்பட்டது. 2018 ஓகஸ்டில் திரும்பத் திறந்தபோது நாடு முழுவதற்கும் மாதம் 1,000 பேர்தான் என்று கணக்கு வைத்தார்கள்.

இதில் எவ்வளவு வேதனை இருக்கிறது என்று இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. கலியாணம் கட்டி மூன்றாம் மாதம் வெளிக்கிட்டு, பிறந்த பிள்ளையை ஏழு வயதில் விமான நிலையத்தில் முதல் தரம் கண்ட தகப்பன்மார் எங்களுக்குள் இருக்கினம். அந்தப் பிள்ளை "ஆர் இந்த மாமா" என்று தாயைக் கேட்ட கதையும் தெரியும். வாசல் கதவைக் கமராக்களுக்கு முன்னால் திறந்தவர், பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். திறந்ததற்குப் புகழ்கிறவர்கள் சாத்தியதையும் சொல்ல வேண்டும். சாத்தியதற்குத் திட்டுகிறவர்கள் திறந்ததையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்வி, கணக்கு. 2014இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தது. அதற்கு அடுத்த வருசமே கடலுக்கடியில் இரண்டாவது எரிவாயுக் குழாய் போட ரஷ்ய நிறுவனத்தோடு ஒப்பந்தமானது. வேண்டாம் என்று போலந்தும் உக்ரேனும் போல்ற்றிக் நாடுகளும் கத்தின. இது வெறும் வியாபாரம் என்று இங்கே மறுமொழி சொன்னார்கள். 2021இல் இந்த நாடு இறக்கிய எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி உக்ரேன் மீது படையெடுப்பு. அந்தக் குழாய் ஒரு நாளும் பாவனைக்கு வரவில்லை. எங்கட வீட்டு ஹீற்றர் பில் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். அவர் போய் ஏறக்குறைய பதினொரு கிழமையில் வந்த கணக்கு இது.

இன்னொரு கணக்கும் உண்டு. யூரோ நெருக்கடியின்போது தன் முடிவுகளுக்கு "வேறு வழியில்லை" என்று சொல்வது அவருடைய வழக்கம். 2013இல் ஒரு புதுக்கட்சி "வேறு வழி" என்ற பொருளிலேயே பெயர் வைத்துக்கொண்டு கிளம்பியது. அகதிகளால் வந்த கட்சி என்று பலர் நினைக்கினம். இல்லை, கிரேக்கத்துக்குக் கொடுத்த கடனை எதிர்த்துத் தொடங்கிய கட்சி. பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் பக்கம் திரும்பியது. 2017இல் 12.6 வீதம், 2025இல் 20.8 வீதம் வாக்கு எடுத்தது. அதற்கு முழுப்பழியையும் அவர் தலையில் போடுவது நியாயமல்ல. ஆனால் சனத்தோடு வாதாடி விளங்கப்படுத்தாமல், "பொறுங்கோ, நான் பார்க்கிறன்" என்று பதினாறு வருசம் ஆண்டதற்கு ஒரு விலை இருந்தது.

இனி எங்கட சொந்தக் கணக்கு. 2007இல் அவருடைய முதல் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. தற்காலிகமாக இருக்கவிட்ட டுல்டுங் துண்டோடு எட்டு வருசம், சிறு பிள்ளைகள் இருந்தால் ஆறு வருசம், இங்கே இருந்தவர்கள் உழைத்துச் சீவிக்கிறோம் என்று காட்டினால் வதிவிட விசா எடுக்கலாம் என்றது. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கந்தோரில் நடுங்கிக்கொண்டு நின்ற கனபேர் அதனால் நிமிர்ந்தார்கள். எங்கட சங்கத்திலேயே அவர்கள் இருக்கினம். இதை அந்தக் கடைத் தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 மார்ச் 23ஆம் திகதி ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் நிறைவேறியது. மனித உரிமை நிலை மோசமாகிறது என்று எச்சரித்த அந்தத் தீர்மானத்தை முன்னின்று கொண்டு வந்த நாடுகளில் ஜேர்மனியும் ஒன்று. சரியாக ஒரு கிழமை கழித்து, மார்ச் 30ஆம் திகதி இரவு, டூசல்டோர்வ் விமான நிலையத்திலிருந்து எங்கட ஆக்களை அதே இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். வெளியே எங்கட சனம் கூடி நின்று கத்தியது. ஜெனீவாவில் கை உயர்த்தியதும், விமானத்தில் ஏற்றியதும் ஒரே நாடுதான்.

இவ்வளவுக்கும் பிறகு எனது தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். 2015இல் அவர் சொன்ன சொல் சரியான சொல். அந்தச் சொல்லைத் தாங்கி நிற்க வேண்டிய வேலையை அவர் முழுதாகச் செய்யவில்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2018இலேயே இனிப் போட்டியிடமாட்டேன் என்று சொல்லி, சொன்னபடி போனார். தேர்தலில் தோற்காமல், இடையில் விலகவும் வேண்டி வராமல், தானே கதிரையை விட்டு எழும்பிய முதல் ஜேர்மன் சான்சலர் அவர்தான். எங்கட சங்கங்களில் தலைவர் கதிரையிலிருந்து ஒரு ஆளை எழுப்புறது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். தலைவர் கோபிக்கக்கூடாது.

கடைசியாக, தராசைக் கொஞ்சம் எங்கட பக்கமும் திருப்புவோம். 2015இல் எங்கட கடைகளிலும் கலியாண வீடுகளிலும் என்ன கதைத்தோம்? "இவங்கள் இப்பிடி வந்தா எங்களுக்கும் கெட்ட பேர்" என்று கதைத்தோமா இல்லையா? 1985இல் எங்களைப் பார்த்து ஜேர்மன் சனம் கதைத்ததும் அதுதான். 2025இல் குடும்பத்தைக் கூப்பிடுவதைத் திரும்பவும் இரண்டு வருசத்துக்கு நிறுத்தச் சட்டம் வந்தபோது, அது சிரியாக்காரரின் பிரச்சினை என்று எங்களில் கனபேர் பேசாமல் இருந்தோம். ஜேர்மன் பாஸ்போர்ட்டும் வாக்கும் உள்ள இளம் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த தலைவரிடம் "எங்களுக்கு என்ன செய்தீர்" என்று மட்டும் கேளாமல், "எங்களுக்குப் பின் வந்தவனுக்கு என்ன செய்தீர்" என்றும் கேளுங்கள். அதைக் கேட்க எங்களை விடத் தகுதியான ஆட்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை.

பிறக்கும் சித்திரைப் புத்தாண்டில் எல்லா வீடுகளிலும் பிரிந்தவர்கள் ஒன்று சேரட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.