ஒரு கூரை, பன்னிரண்டு குடும்பம்

(கண்டி மாவட்டத் தோட்டத் தலைவர்கள், மாதர் உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள விஷயம் கேட்க வந்திருப்பீர்கள். அதைச் செயலாளர் பேசுவார். என்னை வீடு திருத்துவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மாசி, பங்குனி வெயில் வரப்போகிறது. கையில் இருக்கிற காசை வைத்து லயத்தில் ஏதாவது வேலை செய்வது இந்த இரண்டு மாதத்தில்தான். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்துபோன பிறகு, செய்ய வேண்டியது இன்னும் கூடிவிட்டது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூத்த மகள் சடங்குக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று இஸ்தோப்புக்கும் முன்காம்பராவுக்கும் டைல்ஸ் போட்டேன். கிழமை லோன் எடுத்துத்தான் போட்டேன். சடங்கு நன்றாக நடந்தது. ஐப்பசி மழை வந்தது. பக்கத்துக் காம்பராவின் தகரத்தில் ஓட்டை. அந்தத் தண்ணீர் கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து என் சுவர் வழியாக இறங்கியது. அவரோடு சண்டை போட்டேன், ஆறு மாதம் முகம் பார்க்கவில்லை. டைல்ஸ் கிளம்பிவிட்டது. லோன்காரர் மட்டும் இரண்டு வருடம் கிழமை தவறாமல் வாசலுக்கு வந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் பிழை இல்லை என்று விளங்க எனக்கு நாள் எடுத்தது. லயம் கட்டின முறை அப்படி. கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகும் அதே முறைதான்: பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், வரிசையாக, மேலே ஒரே கூரை. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும்கூடப் போகாது. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் கடைசி வீட்டுக்கு மணக்கும். தீப்பிடித்தாலும் அப்படித்தான், வரிசை முழுக்கப் போகும். ஆகவே லயத்தில் கூரை வேலையைத் தனி வீட்டு வேலையாகச் செய்ய முடியாது. பன்னிரண்டு வீடு இருந்தால் பன்னிரண்டு வீடும் உட்கார்ந்து பேச வேண்டும். இதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

எப்படிப் பேசுவது? முதலில் காசைப் பற்றிப் பேசாதீர்கள். நல்ல மழை பெய்யும்போது ஒரு தடவை லயத்தைச் சுற்றி நடங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தத் தகரம் ஆடுகிறது, பின்பக்கக் கானில் தண்ணீர் ஓடுகிறதா, தேங்குகிறதா, எல்லாவற்றையும் ஒரு பிள்ளையைக் கொண்டு கொப்பியில் எழுதுங்கள். ரங்கலைப் பக்கம் தை வரைக்கும் மழை இழுக்கும், அங்கே இருப்பவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அப்படி நடக்கும்போது மண்ணையும் பாருங்கள். தரையில் புதிதாக வெடிப்பு, சுவரில் அகலமாகிக்கொண்டே போகும் வெடிப்பு, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகுவது, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் திடீரென்று கலங்கல் ஊற்று. இதில் ஒன்றைக் கண்டாலும் வீட்டுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். கிராம சேவகருக்குச் சொல்லுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கட்டும். மழை நேரமென்றால் யாருக்கும் காத்திருக்காமல் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. சரியப்போகிற மண்ணில் டைல்ஸ் போட்டு என்ன?

மண் நல்ல மண் என்றால், முதல் வேலை கான். அதற்குக் காசு வேண்டாம், மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து ஊறுவதால்தான் பாதிச் சுவர் கெடுகிறது.

அடுத்தது கூரை. பழைய தகரம் முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. துரு தின்றதை மட்டும் மாற்றலாம். ஒரு தகரம் அடுத்த தகரத்தின் மேல் ஒன்றரை வளைவாவது ஏற வேண்டும். ஆணியை மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடித்தால் அதுவே ஓட்டை. ரப்பர் வாஷர் போட மறக்க வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீட் உள்ள இடத்தில் வெட்டவோ துளைக்கவோ நேர்ந்தால் நன்றாக நனைத்துவிட்டுச் செய்யுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

கூரை திறந்திருக்கும்போதே வயரையும் பார்த்துவிடுங்கள். ஒரு பிளக்கிலிருந்து மூன்று வீட்டுக்கு வயர் இழுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு டைல்ஸுக்கு முன்னால் அது வேண்டும்.

குசினிப் புகை போக வழி, அதற்குப் பிறகு சுவர், கடைசியில் தரை. தரைக்குச் சிமெண்டு பூச்சே அழகுதான். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு, ஒன்றுக்கு மூன்று மணல் கலந்து அரை அங்குலம் பூச இரண்டு மூட்டைக்குள் முடியும். பூசிய பிறகு ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். பாஸுக்குக் கொடுத்த கூலி அந்த ஏழு நாளில்தான் நிலைக்கும்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். ரூபாயில் போடாதீர்கள், பேரில் போடுங்கள். சிமெண்டு விலை 2022இல் 3,000 ரூபாவைத் தொட்டதைப் பார்த்தோம். விலை மாறும், சம்பளம் மாறும். இந்தத் தகரம் எத்தனை பேர், பாஸ் கூலி எத்தனை பேர் என்று போட்டால், எது தேவை எது ஆசை என்று கொழுந்துக் கூடை சுமந்த முதுகே சொல்லிவிடும். கடைக்குத் தனித்தனியாகப் போகாமல் லயத்துக்கே ஒன்றாகக் கட்டுகஸ்தோட்டையிலோ கண்டி டவுனிலோ இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். லொறிக் கூலி ஒன்றுதான் வரும். பணத்துக்கு லயத்துச் சீட்டு நல்லது. முதல் சீட்டு மோசமான கூரைக்குப் போகட்டும், குலுக்க வேண்டாம். கிழமை லோன் எடுக்காதீர்கள் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள், பட்டவன் சொல்கிறேன்.

சேமலாப நிதியைப் பற்றிக் கேட்கிறீர்கள். 10 வருடச் சந்தாவும் கணக்கில் 3 இலட்சம் ரூபாவும் இருந்தால், வேலையில் இருக்கும்போதே வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வீட்டுக்கு என்றால் காணிக் காகிதம் கேட்பார்கள். லயத்துக்கு நம்மிடம் உறுதி இல்லை. கண்டியில் ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம், எல்கடுவ, தனியார் கம்பனி என்று எந்தத் தோட்டமானாலும் லயம் தோட்டத்துச் சொத்து. நம் உழைப்புக் காசை நம் தலைக்கு மேல் இருக்கும் கூரைக்குப் போட முடியாமல் நிற்கிறோம். அதனால்தான் 7 பேர்ச் காணியும் உறுதியும் என்று சங்கம் விடாமல் கேட்கிறது. சம்பளத்துக்குச் சமமான கோரிக்கை அது. எடுக்க முடிந்தாலும் அது வயதுகாலத்துக் காசு, யோசித்து எடுங்கள்.

இன்னொன்று. கூரையைப் பழுதுபார்க்க வேண்டியது தோட்ட நிர்வாகம். நாம் சொந்தக் காசைப் போடுவதற்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள். தகரம் தோட்டம் தரட்டும், கூலி நாம் போடுகிறோம் என்று பேசி முடித்த இடங்கள் இருக்கின்றன. தராவிட்டாலும் அந்தக் கடிதத்தின் பிரதி நம் கையில் இருக்கட்டும். புதிதாகக் காம்பரா இறக்குவதென்றால் அனுமதி எழுத்தில் வேண்டும். துரை வாயால் சரி என்பார், துரை மாறிப் போவார், உடைக்கச் சொல்லிக் கடிதம் வரும்.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் சனிக்கிழமை காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். நீள அளவு நாடா ஒன்றும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். திருப்பிக் கொண்டுவந்து தாருங்கள், போன வருடம் போனது இன்னும் வரவில்லை.