நிழல் திரும்பும் நாள்

தை முதல் நாளில் கதிரவன் வடக்கே திரும்புகிறான் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வானத்திலோ அத்திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்.

காங்கேயத்தில் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஆண்டுதோறும் பள்ளித் திடலில் 100 சென்டிமீட்டர் உயரமுள்ள கோலொன்றைச் செங்குத்தாக நடச் செய்வேன். நம் கடிகாரம் 82½ பாகைக் கிழக்குக் கோட்டைப் பின்பற்றுவது. ஆதலால் அந்நாளில் இங்கே உச்சிவேளை 12 மணி 18 நிமிட அளவில்தான் வரும். அப்போது நிழல் வடக்கே சுமார் 69 சென்டிமீட்டர் நீளும். ஆண்டின் மிக நீண்ட உச்சி நிழல் அதுவே. பொங்கலன்று அளந்தால் 63தான் இருக்கும். ஆறு சென்டிமீட்டர் குறைந்த பிறகல்லவா நாம் திருப்பத்தைக் கொண்டாடுகிறோம்!

முன்னோர் பிழைபட்டவரல்லர். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் அமைந்திருந்தன. பூமியின் அச்சு, தள்ளாடும் பம்பரம்போல் மெல்லத் திசை மாறுகிறது. விண்மீன்களை ஒட்டிக் கணிக்கும் நம் மாதங்கள், அதனால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் பிந்துகின்றன. அதற்காகப் பட்டிப் பொங்கலை முன்னே இழுக்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். நெல்லும் மாடும் அச்சைக் கேட்டு நடப்பனவல்ல.

அந்நாளில் நமக்குப் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். லண்டனில் எட்டு மணிக்கும் சற்றுக் குறைவு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவினருக்கோ அதுவே ஆண்டின் மிக நீண்ட பகல்.